அப்டேட்டுக்குப் பிறகு ஸ்லாப்டி விழுகிறதா? டேட்டாபேஸைத் தொடும் முன் லைப்ரரிகளைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஓப்பன்எல்டாப் டைரக்டரி சர்வர் மாதக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடியது. சிஸ்டம் அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் செய்த பிறகு அதன் சர்வர் ப்ராசஸான ஸ்லாப்டி எழுந்து நிற்கிறது, சாதாரண பைண்டுக்கு, அதாவது உள்நுழைவுக் கோரிக்கைக்கு, பதிலும் சொல்கிறது. ஆனால் டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பு வழியாக முதல் கிளையன்ட் வந்ததும் செக்ஃபால்ட் ஆகி, அதாவது தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டு, விழுகிறது. சிஸ்டம்டி எழுப்பிவிட, மறுபடி விழுகிறது. டேட்டாபேஸ் கெட்டுவிட்டதா, பேக்கப்பிலிருந்து ரெஸ்டோர் செய்துவிடலாமா?

ரெஸ்டோர் செய்யாதீர்கள், இப்போதைக்கு. டேட்டாபேஸ் கெட்டிருந்தால் ஸ்லாப்டி பெரும்பாலும் எழும்போதே தடுமாறும், அல்லது ஒரு குறிப்பிட்ட தேடலில் விழும். டிஎல்எஸ், சாஸ்ல் (உள்நுழைபவரை உறுதிசெய்யும் லைப்ரரி), பாஸ்வேர்டு மாற்றம் என்று ஒரு குறிப்பிட்ட வழியில் வந்தால் மட்டும் விழுகிறது என்றால், அந்த வழியில் இருக்கும் லைப்ரரிதான் முதல் சந்தேக நபர். அதிலும் ஒரே லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் ஒரே ப்ராசஸுக்குள் ஏறியிருப்பதுதான் இந்த வகை விழுதலுக்கு அடிக்கடி காரணம். எந்த இரண்டு, யார் ஏற்றியது என்று கண்டுபிடிப்பதே வேலையில் முக்கால் பங்கு. சரிசெய்வது அதன் பிறகு சில நிமிடம்.

முதலில் தானாக எழுப்புவதை நிறுத்துங்கள். சிஸ்டம்சிடிஎல் மூலம் சர்வீஸை ஸ்டாப் செய்து, மாஸ்க் செய்யுங்கள். டேட்டாவைச் சேமிக்கும் பின்தளம் எல்எம்டிபி என்றால் திரும்பத் திரும்ப எழுந்து விழுவது பெரிய ஆபத்தில்லை, அதன் அமைப்பு அப்படி. பழைய பெர்க்லி டிபி பின்தளம் என்றால் ஒவ்வொரு விழுதலும் ரெக்கவரி வேலையைக் கூட்டும். ஸ்லாப்டி ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டேட்டா டைரக்டரியையும் கான்ஃபிக் டைரக்டரியையும் அப்படியே வேறு இடத்துக்கு நகல் எடுத்து வையுங்கள். டேட்டா வழக்கமாக /வார்/லிப்/எல்டாப். கான்ஃபிக் டெபியன் வகையில் /ஈடிசி/எல்டாப்/ஸ்லாப்டி.டி, ரெட்ஹாட் வகையில் /ஈடிசி/ஓப்பன்எல்டாப்/ஸ்லாப்டி.டி.

அடுத்து, எப்படிச் சாகிறது என்று பாருங்கள். ஜர்னல்சிடிஎல் சொல்வதை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

எழவே இல்லை, எக்ஸிட் கோடு 127 என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. லைப்ரரிகளை ஏற்றும் லோடரே பிரச்சினையைப் பெயர் சொல்லிக் காட்டியிருக்கும்: ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியவில்லை, அல்லது இந்த வெர்ஷன் கிடைக்கவில்லை, அல்லது சிம்பல் வரையறுக்கப்படவில்லை. ஃபைல் அங்கேயே இருந்தும் "பெர்மிஷன் டினைடு" என்று வந்தால் ஆப்ஆர்மர் அல்லது எஸ்ஈலினக்ஸ் பக்கம் போங்கள். உபுண்டுவில் ஸ்லாப்டிக்கு ஆப்ஆர்மர் புரொஃபைல் உண்டு; லைப்ரரியை /ஆப்ட் போன்ற இடத்தில் வைத்தால் அது தடுக்கும்.

ஸ்லாப்டி தானே ஒரு செய்தி எழுதிவிட்டு நின்றால் அதுவும் நல்லதே. பெர்க்லி டிபி பின்தளம் எழும்போது, தான் கம்பைல் ஆன வெர்ஷனும் இப்போது ஏறியிருக்கும் வெர்ஷனும் ஒன்றா என்று சோதித்து, இல்லையென்றால் "எதிர்பார்த்தது இது, கிடைத்தது அது" என்று இரண்டு எண்ணையும் போட்டுவிடும். ஓப்பன்எல்டாப் 2.4-லிருந்து 2.5-க்கு வந்தவர்கள் பார்க்கும் "பேக்_ஹெச்டிபி கிடைக்கவில்லை" என்ற செய்தி லைப்ரரி மோதலே இல்லை. 2.5-ல் பெர்க்லி டிபியைப் பயன்படுத்தும் பிடிபி, ஹெச்டிபி இரண்டு பின்தளங்களையும் எடுத்தே விட்டார்கள், எல்எம்டிபியைப் பயன்படுத்தும் எம்டிபிக்கு மாற வேண்டியதுதான். அதே 2.5-ல், பாஸ்வேர்டு விதிகளுக்கான பிபாலிசி ஓவர்லேயின் (கூடுதல் மாட்யூலின்) ஸ்கீமா அந்த ஓவர்லேக்குள்ளேயே வந்துவிட்டது. பழைய பிபாலிசி ஸ்கீமா கான்ஃபிக்கில் இருந்தால் இரட்டிப்பு என்று சொல்லி எழ மறுக்கும். இதையும் கிராஷ் என்று நினைத்து லைப்ரரிகளைத் தோண்டுபவர்கள் நிறைய.

மூன்றாவதுதான் உங்கள் வகை: சிக்னல் 11, அல்லது சிக்னல் 6. சிக்னல் 6-உடன் "ஃப்ரீ: இன்வாலிட் பாயின்டர்" மாதிரி ஜிலிப்சி புலம்பியிருந்தால், ஒரு லைப்ரரி ஒதுக்கிய நினைவகத்தை அதன் அமைப்பு தெரியாத இன்னொன்று விடுவித்திருக்க வாய்ப்பு அதிகம். சிக்னல் 9 என்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு மெமரி பற்றாக்குறையைப் பாருங்கள்.

செக்ஃபால்ட் ஆனால் கெர்னல் ஒரு வரி எழுதும், கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் கிடைக்கும். பலரும் அதை வெறும் அலறலாகக் கடந்துவிடுகிறார்கள், ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. உதாரணமாக "செக்ஃபால்ட் அட் 18 … எரர் 4 இன் லிப்கிரிப்டோ 1.1" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 18 என்பது தொட முயன்ற முகவரி. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எண் என்றால், காலியான பாயின்டர் வழியாக ஒரு ஸ்ட்ரக்சரின் உள் உறுப்பைப் படிக்கப் போயிருக்கிறது. எரர் 4 என்றால் யூசர் மோடில், மேப் ஆகாத பக்கத்தில், படிக்கும் முயற்சி. 6 என்றால் எழுதும் முயற்சி. 14 என்று இருந்தால் அது ஹெக்ஸ் எண். அந்த முகவரியில் கட்டளையையே ஓட்டப் போயிருக்கிறது, அதாவது ஃபங்ஷன் பாயின்டர் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை இருந்திருக்கிறது. ஒரு ஸ்ட்ரக்சரின் அமைப்பு வெர்ஷனுக்கு வெர்ஷன் நகர்ந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். வரியின் கடைசியில் வரும் லைப்ரரி பெயர் விழுந்த இடம் மட்டுமே, தள்ளிவிட்டவர் பெயர் அல்ல. ஆனாலும் பயன் உண்டு: ஸ்லாப்டி லிங்க் ஆகியிருப்பது லிப்கிரிப்டோ 3-உடன், விழுந்ததோ லிப்கிரிப்டோ 1.1-க்குள் என்றால் பாதி வழக்கு முடிந்தது. 1.1-ஐ உள்ளே கூட்டி வந்தது யார் என்பதுதான் மீதி.

ஏன் இரண்டு ஏறுகின்றன, ஏறினால் ஏன் விழுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். லோடர் லைப்ரரியை அதன் சோநேம் வைத்து, அதாவது அதற்குள் எழுதியிருக்கும் வெர்ஷன் எண் சேர்ந்த பெயரை வைத்து, அடையாளம் காண்கிறது. ஒரே சோநேம் கொண்ட ஒன்று ஏற்கெனவே ஏறியிருந்தால், பின்னால் கேட்பவருக்கும் அதையே கொடுக்கும். முதலில் வந்ததே எல்லோருக்கும். அதனால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-ல் கிடக்கும் பழைய நகல் முந்திக்கொண்டால், புதியதை எதிர்பார்த்து கம்பைல் ஆனவையும் பழையதையே வாங்கிக்கொள்ளும். சோநேம் வேறு என்றால் இரண்டுமே ஏறும். அப்போது சிக்கல் சிம்பல் பெயர்களில், அதாவது லைப்ரரி வெளியே தரும் ஃபங்ஷன்களின் பெயர்களில். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால், தேடல் வரிசையில் முதலில் இருப்பது ஜெயிக்கும். ஓடும்போதே லைப்ரரியை ஏற்றும் டிஎல்ஓப்பன் மூலம் பின்னால் ஏறிய மாட்யூல்கூட முதலில் பொது வட்டத்தில்தான் தேடும், தன்னோடு கூட்டி வந்ததை அப்புறம்தான் பார்க்கும். ஆக, பெர்க்லி டிபி 4-க்காக எழுதிய கோடு, பெர்க்லி டிபி 5-ன் ஃபங்ஷனை, 4-ன் ஸ்ட்ரக்சரோடு அழைக்கும். விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்குத் தடுப்பாகத்தான் சிம்பல் வெர்ஷனிங் வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0-லிருந்து அதன் சிம்பல்களில் வெர்ஷன் ஒட்டியே வருகிறது, அதனால் 1.1-ம் 3-ம் ஒரே ப்ராசஸில் தனித்தனியாக வாழ முடியும். ஆனால் அது பாதிப் பாதுகாப்புதான். ஒன்று உருவாக்கிய எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்டை இன்னொன்றின் கையில் கொடுத்தால் அவ்வளவுதான். 1.0.2-ஐ சோர்ஸிலிருந்து நேரடியாக பில்டு செய்து வைத்திருந்தால் அந்தப் பாதிகூட இல்லை. பெர்க்லி டிபியில், சிம்பல் பெயரோடு வெர்ஷன் எண்ணை ஒட்டும் ஆப்ஷன் கான்ஃபிகர் செய்யும்போதே உண்டு. கையால் பில்டு செய்பவர்கள் அதைப் போட மறந்துவிடுவார்கள்.

இப்போது கணக்கெடுப்பு. ஸ்லாப்டி பைனரி மேல் எல்டிடி ஓட்டுங்கள். அதோடு நிறுத்திவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பொதுவான பிழை. எல்டிடி காட்டுவது பைனரி நேரடியாகக் கேட்பவற்றையும் அவை கேட்பவற்றையும் மட்டும். ஓடும்போது டிஎல்ஓப்பனில் ஏறுபவை அதில் வராது, வில்லன் பெரும்பாலும் அங்கேதான் இருப்பான். எங்கெல்லாம் தேட வேண்டும்:

ஸ்லாப்டியின் மாட்யூல் டைரக்டரியில் இருக்கும் ஒவ்வொரு பின்தளம், ஓவர்லே மேலும் எல்டிடி ஓட்டுங்கள். குறிப்பாக டிஸ்ட்ரோ பேக்கேஜில் வராத பாஸ்வேர்டு சோதனை மாட்யூல்கள். இவை லைப்ரரி வெர்ஷனுக்கு மட்டுமல்ல, ஸ்லாப்டியின் உள் ஹெடருக்கும் கட்டுப்பட்டவை. ஓவர்லே எழுதத் தேவைப்படும் ஸ்லாப்.ஹெச் ஃபைல் நிறுவப்படும் ஹெடர்களில் சேராது, சோர்ஸ் மரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதன் ஸ்ட்ரக்சர்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். 2.4-ன் சோர்ஸை வைத்துக் கம்பைல் செய்த மாட்யூல் 2.5-ல் ஏறியும் விடலாம், பாஸ்வேர்டு மாற்றும்போது விழவும் செய்யும்.

சாஸ்ல் ப்ளகின் டைரக்டரி அடுத்தது. அங்கே இருக்கும் சாஸ்ல்டிபி ப்ளகின் பெர்க்லி டிபியோடு லிங்க் ஆகியிருக்கலாம். ஸ்லாப்டியின் பின்தளம் ஒரு பெர்க்லி டிபி, சாஸ்ல் ப்ளகின் வேறொரு பெர்க்லி டிபி என்பது 2.4 காலத்தின் பெயர்போன மோதல். பழைய சர்வர்களைப் பராமரிப்பவர்கள் இன்றும் இதில் விழுகிறார்கள். சாஸ்ல்டிபியைப் பயன்படுத்தவில்லை என்றால் அந்த ப்ளகின் பேக்கேஜை எடுத்துவிடுவதே சுத்தமான தீர்வு.

சிஸ்டத்தில் பயனர் பெயர்களைத் தேடித் தரும் என்எஸ்எஸ்-ஐ யாரும் நினைப்பதே இல்லை. ஸ்லாப்டி ரூட்டாக எழுந்து வேறு பயனராக மாறும்போது பயனர் பெயரையும் குரூப்களையும் சிஸ்டத்திடம் கேட்கிறது. சிஸ்டம் பழைய என்எஸ்எஸ்_எல்டாப் மாட்யூலுக்கு அமைக்கப்பட்டிருந்தால், அந்த மாட்யூல் டிஸ்ட்ரோவின் லிப்எல்டாப்பை ஸ்லாப்டிக்குள்ளேயே ஏற்றும். நீங்கள் சோர்ஸிலிருந்து பில்டு செய்த ஸ்லாப்டியோ தன் சொந்த லிப்எல்டாப்பை ஏற்கெனவே ஏற்றியிருக்கிறது. 2.4 வரை லிப்எல்டாப், லிப்எல்டாப்_ஆர் என்று இரண்டு இருந்தன, ஒரே சிம்பல் பெயர்களோடு. 2.5-ல்தான் இரண்டும் ஒன்றாயின. எஸ்எஸ்எஸ்டி, என்எஸ்எல்சிடி போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் என்எஸ்எஸ் மாட்யூல் ஒரு சாக்கெட் வழியாகத் தனி டீமனிடம் கேட்கும், லிப்எல்டாப்பைக் கையோடு கூட்டி வராது.

இவை தவிர பேக்-எஸ்க்யூஎல் பின்தளத்தின் ஓடிபிசி டிரைவர், பேக்-பெர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் இன்ஜின்கள், எல்டி_ப்ரீலோடில் யாரோ போட்டுவைத்த மெமரி அலோகேட்டர். டேட்டாபேஸ் கிளையன்ட்கள் தங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தாங்களே சுமந்து வருவது சாதாரணம்.

உண்மையில் என்ன ஏறியிருக்கிறது என்பதற்குக் கடைசி சாட்சி /ப்ராக் கீழே அந்த ப்ராசஸ் எண்ணின் மேப்ஸ் ஃபைல். ஸ்லாப்டி எழுந்து முதல் டிஎல்எஸ் கிளையன்ட் வருமுன் அதைப் படித்து, லிப்கிரிப்டோ, லிப்எஸ்எஸ்எல், லிப்டிபி, லிப்சாஸ்ல்2, லிப்எல்டாப், லிப்எல்பர் என்ற ஆறு பெயர்களை மட்டும் வடிகட்டுங்கள். கிளையன்ட்கள் மோதிக்கொண்டே இருந்தால் ஃபயர்வாலில் அடைத்துவிட்டு, லூப்பேக்கில் மட்டும் ஸ்லாப்டியைக் கையால் எழுப்புங்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு எண் தெரிந்தால் கிடைத்துவிட்டது. எண் ஒன்றாகவே இருந்து, பாதை எதிர்பாராத டைரக்டரியாக இருந்தாலும் கிடைத்ததுதான். பெயருக்குப் பக்கத்தில் "டெலிட்டட்" என்று இருந்தால், அப்டேட் அந்த ஃபைலை மாற்றியிருக்கிறது, ப்ராசஸ் பழைய நகலையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடைசி நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அப்டேட் ஆன நொடியில் எதுவும் விழாது. ஸ்லாப்டி பழைய லைப்ரரிகளோடு ஓடும். சில நாள் கழித்து முதன்முறையாக ஏதோ ஒரு மாட்யூல் தேவைப்படும், அப்போது ஏறுவது டிஸ்க்கில் இருக்கும் புதிய வெர்ஷன். பழையதும் புதியதும் கலந்துவிடும். இதன் மறுபக்கம்: ரீஸ்டார்ட் செய்ததும் விழுகிறது என்றால் குற்றவாளி நேற்றைய அப்டேட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போன ரீஸ்டார்ட்டுக்கும் இந்த ரீஸ்டார்ட்டுக்கும் நடுவில் நடந்த எதுவாகவும் இருக்கலாம். ஜர்னலில் ஸ்லாப்டி இதற்கு முன் வெற்றிகரமாக எழுந்த தேதியைப் பார்த்து, அதிலிருந்து இன்று வரை டிபிகேஜி லாகையோ டிஎன்எஃப் ஹிஸ்டரியையோ படியுங்கள்.

யார் கூட்டி வந்தது என்பதற்கு எல்டி_டீபக் சூழல் மாறியை "ஃபைல்ஸ்" என்று வைத்து ஸ்லாப்டியைக் கையால் ஓட்டுங்கள். வெளியீடு மலை மாதிரி வரும். எல்டி_டீபக்_அவுட்புட் மாறியில் ஒரு ஃபைல் பெயர் கொடுத்து அங்கே திருப்பிவிடுங்கள். "இந்த ஃபைல், இன்னாருக்குத் தேவை" என்ற வடிவத்தில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு வரி இருக்கும். தேவையில்லாத வெர்ஷனின் பெயரைத் தேடினால் அதைக் கேட்டவர் பெயர் அதே வரியில் கிடைக்கும். கேட்டவர் மேல் ரீட்எல்ஃப் -டி ஓட்டி, நீடட் வரிகளையும் ஆர்பாத், ரன்பாத் வரிகளையும் பாருங்கள். லோடர் தேடும் வரிசை: ரன்பாத் இல்லாதபோது ஆர்பாத், பிறகு எல்டி_லைப்ரரி_பாத், பிறகு ரன்பாத், பிறகு எல்டிகான்ஃபிக் உருவாக்கிய கேஷ், கடைசியில் சிஸ்டத்தின் இயல்பு டைரக்டரிகள். ரன்பாத் அந்த ஃபைலின் நேரடித் தேவைகளுக்கு மட்டும்தான் செல்லும், தேவைகளின் தேவைகளுக்குச் செல்லாது. ஆர்பாத் செல்லும். "ரன்பாத் சரியாக வைத்தேன், ஆனாலும் லிப்கிரிப்டோ வேறிடத்திலிருந்து வருகிறது" என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் இதுவே.

கையால் ஓட்டினால் நன்றாக இருக்கிறது, சர்வீஸாக ஓட்டினால் விழுகிறது என்றாலோ, தலைகீழாக நடந்தாலோ, சூழல் மாறிகள் வேறுபடுகின்றன. சிஸ்டம்சிடிஎல் ஷோவில் என்விரான்மென்ட், என்விரான்மென்ட்ஃபைல் இரண்டையும், /ஈடிசி/டிஃபால்ட்/ஸ்லாப்டி அல்லது /ஈடிசி/சிஸ்கான்ஃபிக்/ஸ்லாப்டி ஃபைலையும் பாருங்கள். எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி டைரக்டரியைக் கட்டாயம் பாருங்கள். ஏதோ ஒரு வெளி அப்ளிகேஷன் தன் லைப்ரரி டைரக்டரியை அங்கே எழுதிவைத்துவிட்டால், அந்த மெஷினின் எல்லா ப்ரோகிராமும் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல்லை வாங்க ஆரம்பிக்கும். ரெட்ஹாட் 8 வகையில் இதன் கையெழுத்து பிரபலம்: லிப்கே5கிரிப்டோ, "ஈவிபி_கேடிஎஃப்_சிடிஆர்எல்" என்ற சிம்பல் இல்லை என்று அழும். அந்த சிம்பல் டிஸ்ட்ரோவின் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-ல் ஒட்டுப்போட்டுச் சேர்த்தது. வெளியிலிருந்து வந்த 1.1.1-ல் அது கிடையாது. எண் ஒன்றுதான், பொருள் வேறு.

டிஎல்எஸ் வந்தால்தான் விழுகிறது என்பதற்கு இன்னொரு காரணம் சோம்பேறி பைண்டிங். முதல்முறை அழைக்கும்போதுதான் லோடர் ஃபங்ஷனைத் தேடும். எல்டி_பைண்ட்_நௌ மாறியை 1 என்று வைத்து எழுப்பினால் எல்லாத் தேடலும் தொடக்கத்திலேயே நடந்து, இல்லாத சிம்பல்கள் அப்போதே வெளிப்படும். எல்டிடி -ஆர் கூட இதே வேலையைச் செய்யும். ஆனால் ஓவர்லே மேல் அதை ஓட்டினால் டஜன் கணக்கில் சிம்பல் இல்லை என்று வரும், பதறாதீர்கள். அவை ஸ்லாப்டி பைனரி தருபவை, தனியாகப் பார்க்கும்போது இல்லாமல்தான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் புகை கலையவில்லை என்றால் கோர் டம்ப் எடுங்கள். ஸ்லாப்டி யூஐடி மாறிய ப்ராசஸ் என்பதால் கெர்னல் இயல்பாகக் கோர் எழுதாது. எஃப்எஸ்.சூயிட்_டம்பபிள் மதிப்பு 2 ஆக இருக்க வேண்டும், சர்வீஸ் ஃபைலில் லிமிட்கோர் இன்ஃபினிட்டி வேண்டும். டீபக் சிம்பல் பேக்கேஜை நிறுவிவிட்டு, கோர்டம்ப்சிடிஎல் வழியாக ஜிடிபியைத் திறந்து "இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி", "த்ரெட் அப்ளை ஆல் பிடி ஃபுல்" இரண்டையும் ஓட்டுங்கள். விழுந்த த்ரெட்டில் மேலிருந்து கீழே வரும்போது, ஒரே குடும்பத்தின் இரண்டு வெர்ஷன்கள் அடுத்தடுத்த ஃப்ரேமில் நின்றால் அதுதான் உடைந்த இடம். கோர் ஃபைலை யாருக்கும் அனுப்பாதீர்கள். அதில் டிஎல்எஸ் ப்ரைவேட் கீ, பாஸ்வேர்டு ஹாஷ், சற்றுமுன் பைண்ட் செய்தவரின் பாஸ்வேர்டே எழுத்தாகக் கிடக்கலாம். பிடி ஃபுல் வெளியீட்டையும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டே பகிருங்கள்.

சரிசெய்வதற்கு வருவோம். மூல விதி ஒன்று: ஸ்லாப்டி, லிப்எல்டாப், சாஸ்ல், ஓப்பன்எஸ்எஸ்எல், பின்தளத்தின் டிபி லைப்ரரி எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று எதிராக பில்டு ஆனவையாக இருக்க வேண்டும். டெபியனில் ஆப்ட்-கேஷ் பாலிசி மூலம் ஒவ்வொன்றும் எந்த ரெப்போவிலிருந்து வந்தது என்று பாருங்கள். ரெட்ஹாட் வகையில் டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க் விலகி நிற்பவற்றை வரிசைக்குக் கொண்டுவரும். பேக்கேஜ் ஃபைல்களை யாராவது மேலெழுதிவிட்டார்களா என்று ஆர்பிஎம் -வி அல்லது டிபிகேஜி --வெரிஃபை சொல்லும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-ல் கிடக்கும் அனாதை நகல்களை வேறிடத்துக்கு நகர்த்தி எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள். வெளி மாட்யூல் என்றால், ஸ்லாப்டி -வி காட்டும் அதே வெர்ஷனின் சோர்ஸை எடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். வெளி அப்ளிகேஷனுக்கு அதன் சொந்த லைப்ரரி அவசியம் என்றால், எல்டி_லைப்ரரி_பாத்தை அந்த அப்ளிகேஷனின் தொடக்க ஸ்கிரிப்டுக்குள் மட்டும் வையுங்கள், எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-யிலிருந்து எடுத்துவிடுங்கள்.

செய்யக்கூடாதது: "லிப்கிரிப்டோ 1.1 இல்லை" என்று சொன்னால் 3-ஐக் காட்டி அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் போடுவது. வலையில் முதலில் கிடைக்கும் வைத்தியம் இதுதான், மிக மோசமானதும் இதுதான். சோநேம் எண்ணை மாற்றியதே "இவை ஒன்றுக்கொன்று பொருந்தாது" என்று அறிவிக்கத்தான். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெர்ஷன் சிம்பல் இருப்பதால் லோடர் மறுத்துவிடும், தப்பித்தீர்கள். வெர்ஷனிங் இல்லாத லைப்ரரியில் சிம்லிங்க் வேலை செய்ததுபோல் தோன்றும். எழாத சர்வரைவிட, எழுந்து டேட்டாவைத் தப்பாக எழுதும் சர்வர் பெரிய கேடு. சார்புகளைப் புறக்கணித்துக் கட்டாயமாக நிறுவும் ஆப்ஷன்களும் இதே ரகம்.

உடனடியாகச் சேவை வேண்டும் என்றால் டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ, அல்லது ஆப்டில் பழைய வெர்ஷன் எண்ணைக் கொடுத்து நிறுவுதல். பின்வாங்கும்போது ஸ்லாப்டியை மட்டும் பின்வாங்கி ஹோல்டு போடாதீர்கள், புதிய கலவை உருவாகும். முழுக் குடும்பமாகப் பின்வாங்குங்கள். ஹோல்டு போட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் நிற்கும் என்பதால் அதைச் சில நாள் மருந்தாக மட்டும் வையுங்கள்.

டேட்டாபேஸைத் தொட வேண்டியது பெர்க்லி டிபியின் வெர்ஷன் மாறியிருந்தால்தான். "ப்ரோகிராம் வெர்ஷனும் என்விரான்மென்ட் வெர்ஷனும் பொருந்தவில்லை" என்று வந்தால், டேட்டா டைரக்டரியில் இருக்கும் இரட்டை அடிக்கோட்டு டிபி ஃபைல்கள் பழைய வெர்ஷன் எழுதியவை. லாக். என்று தொடங்கும் ஃபைல்களை அழிக்காதீர்கள். கடைசி மாற்றங்கள் அதற்குள் இருக்கலாம். எந்த வெர்ஷன் எழுதியதோ அதே வெர்ஷனின் டிபி_ரெக்கவர் கருவியைக் கொண்டு ரெக்கவர் செய்யுங்கள், பழைய ஸ்லாப்கேட்டால் எல்டிஃப் என்ற உரை வடிவில் டேட்டாவை எடுங்கள். பழைய சூழல் அழிந்துவிட்டால், நகல் டைரக்டரியோடு பழைய டிஸ்ட்ரோ வெர்ஷனை ஒரு கன்டெய்னரில் எழுப்பி அங்கே செய்யலாம். ரெக்கவர் ஆன பிறகு படிகள் இவை:

1. ஸ்லாப்கேட் -என் 0 மூலம் கான்ஃபிக், ஸ்லாப்கேட் -என் 1 மூலம் டேட்டா, தனித்தனி ஃபைலில். எல்டாப்சர்ச் வெளியீடு இதற்கு மாற்றாகாது; என்ட்ரி யூயூஐடி, சிஎஸ்என் போன்றவை வழக்கமான தேடலில் வராது, ரெப்ளிகேஷன் குழம்பும்.
2. பழைய டைரக்டரியைப் பெயர் மாற்றி வைத்துவிட்டு, காலியான புதியதை 700 அனுமதியோடு உருவாக்குங்கள்.
3. எம்டிபிக்கு மாறுவதென்றால் ஓஎல்சிடிபிமேக்ஸ்சைஸ் மதிப்பைக் கூட்டுங்கள். இயல்பு 10485760 பைட்தான், அதாவது 10 எம்பி. உண்மையான டைரக்டரிகள் பெரும்பாலும் அதில் அடங்காது, பாதியில் மேப் ஃபுல் என்று நிற்கும். 1073741824 என்று 1 ஜிபி வைத்தால் சின்ன, நடுத்தர டைரக்டரிகளுக்குப் போதும்.
4. ஸ்லாப்ஆட் -க்யூ -என் 1. இந்த வேக ஆப்ஷன் சில சோதனைகளைத் தாண்டிவிடும். நடுவில் அறுந்தால் அந்த டேட்டாபேஸை அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், தொடர முயலாதீர்கள்.
5. ஃபைல்களின் உரிமையை டெபியனில் ஓப்பன்எல்டாப் பயனருக்கும், ரெட்ஹாட் வகையில் எல்டாப் பயனருக்கும் மாற்றுங்கள். ரூட்டாக ஸ்லாப்ஆட் ஓட்டிவிட்டு இதை மறந்தால் ஸ்லாப்டி எழாது, நீங்கள் மறுபடி லைப்ரரிகளைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

எல்எம்டிபி ஏற்கெனவே இருந்து, ஓப்பன்எஸ்எஸ்எல் மட்டும் மோதியிருந்தால் இந்த ஐந்தும் தேவையில்லை. மைனஸ் 30794 என்ற பிழை எண் வந்தால் மட்டும் எல்எம்டிபியின் வெர்ஷன் பொருந்தவில்லை என்று பொருள்.

மாஸ்க்கை எடுத்துவிட்டு எழுப்பிய பிறகு ஒரு எல்டாப்சர்ச் ஓடியதும் முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகத் தொடுங்கள்: எல்டாப்ஹூஆம்ஐ -ஜெட்ஜெட் மூலம் ஸ்டார்ட் டிஎல்எஸ், ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் மூலம் போர்ட் 636, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு சாஸ்ல் முறைக்கும் ஒரு பைண்ட், சோதனைப் பயனர் ஒருவரின் பாஸ்வேர்டு மாற்றம், ரெப்ளிகாவுக்கு ஒரு சின்ன மாற்றம் போய்ச் சேருகிறதா என்பது. இவை எல்லாம் முடிந்த பிறகு மேப்ஸ் ஃபைலை மறுபடி அதே ஆறு பெயர்களுக்கு வடிகட்டுங்கள், ஏனென்றால் பின்னால் ஏறுபவை எல்லாம் இப்போதுதான் ஏறியிருக்கும். ரெப்ளிகா இருப்பவர்கள் அடுத்த அப்டேட்டை ஒரு ரெப்ளிகாவில் முதலில் செய்து, ரீஸ்டார்ட்டையும் அதே வேளையில் முடித்து, இந்தச் சோதனையை அங்கே ஓட்டுங்கள்.

வேறு டைரக்டரி சர்வர்களிலும் கதை இதேதான், பெயர்கள் மாறும். 389 டைரக்டரி சர்வரில் என்எஸ்-ஸ்லாப்டி ப்ராசஸையும், டிர்எஸ்ஆர்வி ப்ளகின் டைரக்டரியையும், மொஸில்லாவின் என்எஸ்எஸ், என்எஸ்பிஆர் லைப்ரரிகளையும் பாருங்கள்; இந்த என்எஸ்எஸ் மேலே சொன்ன பயனர் தேடல் என்எஸ்எஸ் அல்ல, கிரிப்டோ லைப்ரரி. சாம்பாவின் ஆக்டிவ் டைரக்டரியில் லிப்எல்டிபியும் சாம்பாவின் மாட்யூல்களும் சரியாகப் பொருந்தவில்லை என்றால் "மாட்யூல் வெர்ஷன் மிஸ்மாட்ச்" என்று இரண்டு எண்ணையும் அதுவே எழுதிவிடும், தேட வேண்டிய வேலை மிச்சம்.

ஆறு குடும்பத்திலும் ஒவ்வொன்றுதான் ஏறியிருக்கிறது, எல்லாம் ஒரே ரெப்போ, வெளி மாட்யூல் எதுவுமில்லை, ஆனாலும் விழுகிறது என்றால் இது லைப்ரரி மோதல் இல்லை. அப்போது அந்த வெர்ஷனின் மாற்றப் பட்டியலில் உங்கள் பேக்ட்ரேஸின் முதல் சில ஃபங்ஷன் பெயர்களைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பேக்ட்ரேஸ், ஸ்லாப்டி -விவிவி வெளியீடு, ரகசியங்கள் நீக்கிய கான்ஃபிக் மூன்றையும் சேர்த்து ஓப்பன்எல்டாப்பின் பிழைப் பதிவேட்டில் போடுங்கள்.